சரிவில் பழகிய ஓட்டம்

மாசி 25, ஞாயிறு

மகள் கவிதாவுக்கு, முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிய பந்துவீச்சுப் பயிற்சியாளர் கிடைத்துவிட்டார். அது சேகர் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கல்லூரி அணியிலிருந்து என்னைத் தூக்கிய கேப்டன். மலையடிவாரம் முழுக்க விசாரித்தேன், வேறு ஆள் இல்லை.

காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு காரவள்ளி மைதானத்துக்கு இறங்கினேன். சேகர் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவள் வீசிய பந்தெல்லாம் பாதியிலேயே குத்தி, தவழ்ந்து போனது. மேலே எங்கள் மரவள்ளிக் காட்டில் அவள் வீசினால் பெரிய பையன்களே ஒதுங்குவார்கள். இவளையும் வேண்டாம் என்று அனுப்பிவிடுவான் என்றே நினைத்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"ஏங்கண்ணு, எங்க ஓடிப் பழகுனே?" என்று கேட்டான் சேகர்.

"எங்க காட்டுலீங்க சார். மேட்டுலருந்து கீழ ஓடியாந்து போடுவேன்."

"அதான பாத்தேன்! இத்தன நாளா மலை உன்னயத் தள்ளி உட்டிருக்குது. இங்க நீயேதான் ஓடோணும் சாமி. இன்னும் பின்னால போ."

அவள் வெகுதூரம் பின்னால் போய் ஓடிவந்தாள். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு விழுந்தது.

"ஞாயித்துக்கெழம தவறாம கூட்டியா," என்றான் சேகர். "நல்லவேள, அப்பன மாதிரி போடல."

அடக்குவதற்குள் சிரித்துத் தொலைத்தேன்.

அடுத்த வாரம் அவனுக்கு மிளகு கொண்டுபோகச் சொல்கிறாள் மனைவி. கொண்டுபோகிறேன். ஆனால் பொறுக்கியெடுத்த முதல் தர மிளகு கிடையாது. அதற்கு அவன் இன்னும் நிறைய சொல்லிக்கொடுக்க வேண்டும்.