இசக்கி அண்ணன் கேட்ட பஸ்

செவ்வாய், மார்ச் 11

தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறைக்கு நாங்கள் ஏழு பேரும் சமபங்காளிகள். ஒருவர் வேண்டாம் என்றாலும் எதுவும் நடக்காது. இன்று வந்த சென்னைக் கம்பெனிக்காரர், பாதிக்கு மேல் பங்கைக் கொடுத்தால் ஊருக்கு வெளியே அம்பர்நாத்தில் பெரிய தொழிற்சாலையே கட்டித் தருவதாகச் சொன்னார். "உங்களுக்கு வேற என்ன சார் வேணும்?" என்று இசக்கி அண்ணனைக் கேட்டார்.

"பஸ்," என்றுவிட்டு அண்ணன் தையல் மெஷினை ஓடவிட்டார்.

இங்கே இந்தியில் 'பஸ்' என்றால் போதும் என்று அர்த்தம்; இருக்கிற பட்டறையே போதும் என்றுதான் அண்ணன் சொன்னார். கம்பெனிக்காரருக்கு அது தெரியவில்லை. "தாராவியிலேர்ந்து தினம் பஸ் விட்டுடலாம்," என்று எழுதிக்கொண்டார். மெஷின் சத்தத்தில் அண்ணனுக்குக் கேட்கவில்லை. கம்பெனிக்காரர் பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

சாயங்காலம் அண்ணன், "ஏல, நான் போதும்னது அந்தாளுக்கு வெளங்கிச்சா?" என்றார்.

"ம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பஸ்ஸில் ஏற எனக்கு ஆசை.