ஒரு பித்தளைக் கூடு

இன்று காலை கடையில் பழைய தார்ப்பாய் ஒன்றைப் பிரித்தேன். மெழுகும் மண்ணும் கலந்த அந்த வாசனை எழுந்ததும் உன் ஞாபகம் வந்தது. விரிக்கும் முன் இரண்டு தடவை உதறினேன். நாற்பது வருஷமாக அப்படித்தான்.

நீ கல்லூரியில் என்.சி.சி. மாணவர் படையில் சீனியர். நான் ஐந்தாவதோடு நின்றுவிட்ட பந்தல் கடைக்காரன். சீனப் போருக்குப் பிறகு கல்லூரிப் பையன்களுக்கெல்லாம் கட்டாயமாக இருந்த படை, உன் காலத்தில் விரும்பியவர்களுக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. கடைசிப் பரீட்சையில் தேறி 'சி' சர்டிபிகேட் வாங்கினால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே ராணுவ ஆபீசர் இன்டர்வியூவுக்குப் போகலாம். நல்லம்பள்ளி மானாவாரிக் காட்டிலிருந்து வந்த உனக்கு வேறு வழியே இல்லை. உன் டிரில் புத்தகத்தை வைத்துத்தான் நான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினேன். "பாய், நீ படிக்கிற வேகத்துக்கு என்னைய முந்திக்கிட்டு கர்னல் ஆயிடுவ" என்று சிரிப்பாய்.

கரட்டு மலையடியில் துப்பாக்கிப் பயிற்சி நடந்த நாள். பையன்கள் படுத்துச் சுட என் தார்ப்பாய்தான் விரிப்பு. சுட்ட குண்டு ஒவ்வொன்றின் பித்தளைக் கூட்டையும் பொறுக்கி எண்ணிக் கொடுத்தாக வேண்டும்; ஒன்று குறைந்தாலும் யாரும் நகர முடியாது. அந்தப் பொறுப்பு உன்னுடையது. மறுநாள் முகூர்த்தம் ஒன்று இருந்ததால், நீ எண்ணி முடிக்கும் முன்பே நான் தார்ப்பாயை உதறாமல் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு கூடு குறைந்தது. உச்சி வெயிலில் எல்லாரையும் நிறுத்திச் சட்டைப் பையெல்லாம் சோதித்தார்களாம். சின்னப் பையன் ஒருவன் மயங்கி விழுந்ததும் நீ முன்னால் போய், "இவங்களை அனுப்புங்க சார். நாந்தான் தொலைச்சிட்டேன்" என்றாயாம். பரீட்சைப் பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டார்கள்.

மறுநாள் கல்யாண வீட்டில் தார்ப்பாயைப் பிரித்தபோது மடிப்பிலிருந்து அது உருண்டு விழுந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். உன் கல்லூரி வாத்தியார்தான் மாணவர் படைக்கும் அதிகாரி. கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "லெட்டர் மேல போயிடுச்சு பாய். இப்ப இதக் குடுத்தா, நான் சரியாத் தேடாம எழுதினேன்னு ஆவும். எடுத்துட்டுப் போங்க."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மேலிடத்துக்கு மூன்று மனு எழுதினேன். பதில் இல்லை. உனக்குத்தான் கோபம் வந்தது. "வுடு பாய்! தோட்டாக் கூட்ட நீ எடுத்துட்டுப் போனேன்னு போலீசு உன் வூட்டுக்கு வரும். அந்தக் கூட்டத் தூக்கிக் கெணத்துல போடு." போடவில்லை. அதன் பிறகு அந்த வாத்தியாருக்கு நான் சலாம் வைத்ததில்லை. செய்யாததைச் செய்ததாக நீ சொன்னதையும் நான் மன்னிக்கவில்லை. உன் முகத்துக்கு நேரே பல தடவை சொல்லியிருக்கிறேன். பொம்மிடி மண்டியில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதியே காலத்தைக் கழித்தாய். அங்கேயும் முதுகு வளையாமல் நடந்தாய். லோடுமேன்கள் உன்னை "மேஜரு" என்று கேலியாகக் கூப்பிட, நீயும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாய். அதைக் கேட்க முடியாமல்தான் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தினேன்.

போன மாசி மாதம் உன் சாவுக்குப் பந்தல் போட நானேதான் வந்தேன். கூடு என் சட்டைப் பையில் இருந்தது. உன் வாசலில் தார்ப்பாயை இரண்டு தடவை உதறினேன். உன் மகன், "அதுல ஒண்ணுமில்லீங்க பாய், விரிங்க" என்றான்.

மூன்றாவது தடவையும் உதறிவிட்டுத்தான் விரித்தேன்.