திங்கட்கிழமை நுரை

மார்ச் 3, செவ்வாய்

இன்றிலிருந்து மீனும் என் தலையில். பல் டாக்டர், மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த தொட்டிக்காரரோடு சண்டை போட்டு அவரை நிறுத்திவிட்டார். இரண்டு முறை தாமதமாக வந்தாராம். டாக்டர் தினமும் எத்தனை மணிக்கு வருகிறார் என்று அந்த மனிதர் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். "நீங்க ரிசப்ஷன்ல சும்மாதான உக்காந்திருக்கீங்க, பாத்துக்கங்க" என்றார் என்னிடம். சும்மா. பதினோரு வருடமாகப் போன் எடுத்து, பயந்து வருகிறவர்களை உட்கார வைத்து, பாதியில் எழுந்து ஓடுகிறவர்களைப் படியிலிருந்து பிடித்து வந்து — சும்மா.

காத்திருக்கும் அறையில் சுவர் நீளத்துக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டி. ஆரஞ்சு மீன் இரண்டு, மஞ்சள் ஒன்று, கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வராதது ஒன்று. அது ஒன்றைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. கீழே அலமாரிக்குள் ஸ்கிம்மர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய். தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழி விடும். அழுக்கெல்லாம் நுரையோடு ஏறி மேலே இருக்கும் கோப்பையில் போய் விழ வேண்டும். அதற்கு ஒரு திருகு, ஒன்றிலிருந்து பத்து வரை. கூட்டினால் நுரை ஏறும், குறைத்தால் இறங்கும். கோப்பையில் அழுக்குச் சேராவிட்டால் மீன் சாகும். மீன் செத்தால் எனக்கு என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை. பார்த்த பார்வையில் தெரிந்தது.

மார்ச் 4, புதன்

நுரை இல்லை. திருகு நான்கில் இருந்தது, ஐந்தில் வைத்தேன்.

இரையைச் சும்மா மேலே தூவினால் போதாதாம். கையை முழங்கை வரை உள்ளே விட்டு, கல்லுக்கு அருகில் விட வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஏற்கெனவே நாள் முழுக்கக் கிருமிநாசினி தேய்த்துத் தேய்த்து என் கை வெடித்துக் கிடக்கிறது. அதில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. நேற்றே பெரிய டப்பாவாக க்ரீம் வாங்கி இழுப்பறையில் வைத்துவிட்டேன். போட்டுக்கொண்டே இருந்தால்தான் தாங்குகிறது.

வாளி இன்று என் டம்ளரை நகர்த்தி வைத்தாள். வாளி என்பது துடைக்க வருகிறவளுக்கு நான் வைத்த பெயர். ஏழு வருடத்துக்கு முன் என் டிபன் டப்பாவைக் குப்பையில் போட்டாள். காலி என்று நினைத்தாளாம். அன்றிலிருந்து அவள் துடைத்துக்கொண்டே என் நாற்காலி வரை வந்தால் நான் காலைத் தூக்குவதில்லை. கொஞ்சம் நின்று பார்ப்பாள், பிறகு சுற்றிக்கொண்டு போவாள். என் காலடியில் மட்டும் தரை வேறு நிறம். இருக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி

ஆறு. நுரை இல்லை. 'ஒரு முறை திருப்பினால் இரண்டு நாள் தொடாமல் பொறுக்கவும்' என்று ஸ்கிம்மரோடு வந்த குறிப்புத் தாளில் போட்டிருக்கிறது. எழுதினவருக்கு மேலே ஒரு டாக்டர் இல்லை போலிருக்கிறது.

மார்ச் 7, சனி

எட்டு. கோப்பை காய்ந்து கிடக்கிறது. "ஒரு திருகு திருப்பத் தெரியலையா?" என்று டாக்டர் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாளை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மீனுக்குப் பட்டினி, ஒன்றும் ஆகாது என்று தொட்டிக்காரர் எழுதி ஒட்டியிருக்கிறார்.

மார்ச் 9, திங்கள்

வெள்ளம். கோப்பை நிரம்பி, அலமாரி நிரம்பி, வாசல் வரை உப்புத் தண்ணீர். நான் போனபோது வாளி நடுவில் நின்று பிழிந்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை கதவைத் திறப்பது அவள்தான்.

"நான் வரும்போதே இப்படித்தான் மேடம் இருந்துச்சு."

நான் கேட்கவே இல்லையே. கேட்காமல் ஏன் சொல்கிறாள்?

திருகை மூன்றுக்கு இறக்கினேன்.

மார்ச் 12, வியாழன்

மறுபடி நுரை இல்லை. ஆறு. நாளைக்கும் இப்படியே இருந்தால் எட்டு.

மார்ச் 16, திங்கள்

மறுபடி வெள்ளம். இந்தத் தடவை என் பொறுமை போய்விட்டது.

குறிப்புத் தாளை நன்றாகப் படித்துவிட்டேன். தொட்டியில் சோப்புத் தண்ணீர் கலந்தால் நுரை தலைகால் தெரியாமல் பொங்குமாம். ஆறு நாள் நான் இருக்கிறேன், பொங்குவதில்லை. திங்கட்கிழமை காலையில் அவள் தனியாக இருக்கிறாள், பொங்குகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா? ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதையெல்லாம் நான் பார்க்கவில்லை.

"தொட்டியில என்னத்த ஊத்தின?"

"நான் எதுக்கு மேடம் ஊத்தப்போறேன்? தண்ணி வழிஞ்சா துடைக்கிறது நான்தான?"

"என்னை மாட்டி விடத்தான். எனக்குத் தெரியாதா உன்னை?"

டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தார். நான் சொன்னதைக் கேட்டார், அவள் சொல்வதைக் கேட்கவில்லை. அவள் வாளியைக் குளியலறையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாவியை என் மேசையில் வைத்தாள். போகும்போது யாரோ ஒரு அம்மாள் தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

நிம்மதி.

மார்ச் 21, சனி

நுரை இல்லை. எட்டு. இனி யாரும் கை வைக்கப்போவதில்லை, தாராளமாக இருக்கட்டும்.

மார்ச் 23, திங்கள்

கதவை நான்தான் திறந்தேன். இருக்கும் இரண்டு சாவியும் என்னிடம். உள்ளே கணுக்கால் நனைகிற தண்ணீர்.

மதியம் தொட்டிக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "கையில எதாவது போடுறீங்களாம்மா?"

"க்ரீம் போடுறேன். ஏன்?"

அதுதான் காரணம் என்றார். எண்ணெய்ப் பசை ஒரு துளி பட்டால் போதும், நுரை அப்படியே படுத்துவிடும். "நுரை இல்லைன்னு நீங்க கூட்டியிருப்பீங்க. ஞாயித்துக்கிழமை யாரும் கை விட மாட்டீங்க, பசை போயிடும். எட்டுல வச்சா பொங்காம என்ன செய்யும்?"

துடைத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. இடுப்பு விட்டுப்போயிற்று.

மார்ச் 24, செவ்வாய்

க்ரீமை வீட்டில் வைத்துவிட்டேன். இரையை நீளக் கரண்டியில் விட்டேன். திருகு நான்கு. தொடவில்லை.

மார்ச் 26, வியாழன்

கோப்பையில் கெட்டித் தேநீர் நிறத்தில் அழுக்கு. நாற்றம் தாங்கவில்லை. தொட்டிக்காரர் வைத்துவிட்டுப் போனதும் இதே நான்குதான். மூன்று வாரமாக நான் திருப்பியதெல்லாம் என்ன?

தெரிந்தது இரண்டு பேருக்கு. தொட்டிக்காரர் இங்கே வரப்போவதில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் முடிந்தது. முடிந்ததா? அந்தக் கைப்பை.

மார்ச் 27, வெள்ளி

டாக்டரிடம் சொன்னேன். "விடுங்கம்மா, துடைக்கக் கம்பெனியில ஆள் சொல்லியாச்சு" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவருக்கு அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவோடு விட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த ஆளை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

போனில் அவள் எண் 'வாளி' என்றுதான் இருக்கிறது. மூன்றாவது தடவை எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேற இடத்துல சேந்துட்டேன் மேடம். வரமாட்டேன்."

"வரச் சொல்லல. தப்பு என்னோடதுன்னு சொல்லத்தான்..."

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தான சொன்னீங்க? இதை மட்டும் எதுக்குப் போன்ல சொல்றீங்க? அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. வரேன்."

வைத்துவிட்டாள். என்ன திமிர்.

ஏப்ரல் 2, வியாழன்

சொல்லமாட்டேன். என் மேசையில், என் ஆட்கள் முன்னால், அவளுக்காக நான் எழுந்து நிற்க வேண்டுமா? டிபன் டப்பாவுக்கு அவள் இன்று வரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

ஒருவேளை சொல்லியிருப்பாளோ. அன்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 4, சனி

அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தாள். ஏழு வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒன்பது பேர் இருந்தார்கள். அந்தக் கைப்பை அம்மாளும் பல் கட்ட வந்திருந்தாள்.

அரை மணி நேரம் பார்த்தேன். அவள் எழுவதாயில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன்.

"அன்னைக்குத் தொட்டி வழிஞ்சது இவங்களால இல்ல. என் கையில இருந்த க்ரீமால. நான்தான் தெரியாம இவங்க மேல பழி போட்டேன்."

மரத்துப்போன வாயோடு ஒருவர் "ஹா?" என்றார். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. கைப்பை அம்மாள் தரையைப் பார்த்தாள்.

அவள் எழுந்தாள். "சரி மேடம்" என்றாள். தொட்டியருகே ஒரு நிமிடம் குனிந்து பார்த்தாள். "அந்தக் கல்லுக்குப் பின்னாடி இருக்குற மீன் வெளிய வந்துருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நன்றி எதிர்பார்த்தேனா? வேண்டியதில்லை. ஆனால் ஒரு வார்த்தை திட்டியாவது இருக்கலாம்.

ஏப்ரல் 6, திங்கள்

தரை காய்ந்திருக்கிறது. திருகு நான்கு.

கம்பெனி ஆள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு துடைத்தான். என் நாற்காலி வரை வந்தான். காலைத் தூக்கினேன். அவன் கவனிக்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.