அரசரின் இலைக்கு நெய்யில்லாச் சாறு

நன்மை பெருகுக. ஏரிகள் கரை தொடுக. எல்லைகள் அமைதி காண்க.

கழுநீர் நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், அல்லிமாநகரத்து அரியணைக்கு உரியவரும், பகைவர்க்கு இடியும் உழவர்க்கு மழையுமானவரும் ஆகிய மன்னர்பிரான் காரிநம்பி அரையரின் பட்டத்துத் தேவியார் கொற்றநங்கையார் பணித்தருள, அரண்மனை ஓலைநாயகம் ஏனாதி நக்கனார் கையால் எழுதப்பட்டது இவ்வோலை. மேற்குன்றக் கோட்டத்தைக் காத்து நிற்பவரும், மன்னர்பிரானின் உடன்பிறந்த இளவலும், புரவியேற்றத்தில் நிகரற்றவருமாகிய சேந்தநம்பி அரையர் கண்டுகொள்க. அவர்தம் தேவியார் நீலநங்கையாரும் அருகிருந்து கேட்க. தங்கள் குன்றுகளில் தேனும் தினையும் குறைவற விளைக; தங்கள் வாயிற்கதவு விருந்தினர்க்கன்றி வேறெவர்க்கும் திறவாதிருக்க.

இவ்வளவு வாழ்த்து எதற்கு, செய்திக்கு வருக என்று தேவியார் இதற்குள் இருமுறை பணித்துவிட்டார். அரச ஓலைக்கென்று ஒரு மரியாதை உண்டல்லவா என்று ஓலைநாயகம் பணிவுடன் சொல்லிப் பார்த்தார். தேவியார் காதில் அது ஏறவில்லை. சொல்லிக்கொண்டே கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். ஆகவே வரிகள் சற்று முன்பின்னாக இருப்பின் இளவல் பொறுத்தருள்க.

மன்னர் நோயுற்றார் என்று குன்றுகளில் பரவிய பேச்சு பொய்யன்று. மதகு திறக்கும் விழாவன்று ஏரிக்கரைப் படிகளில் பாதி ஏறிய மன்னர், ஒரு சொல்லும் சொல்லாமல் படியிலேயே அமர்ந்தார். ஏரியை வணங்குகிறார் என்று எண்ணிக் குடிமக்கள் அனைவரும் ஆங்காங்கே அமர்ந்து கைகூப்பினார்கள். பக்கத்தில் நின்ற தேவியார் மட்டுமே அவர் உதடு கறுத்திருந்ததையும் மூச்சு எட்டாமல் மார்பு தவித்ததையும் கண்டார்.

அரண்மனை மருத்துவர் பிடாரனார் நாடி பார்த்துவிட்டு, பூசி மெழுகாமல் உள்ளதைச் சொன்னார். நெஞ்சு தாங்கக்கூடிய அளவைக் கடந்து உடல் பெருத்துவிட்டது. தங்கள் தந்தையார் உண்ணும் பலகையிலேயே சாய்ந்தாரே, அந்த வயதை மன்னர் எட்டிவிட்டார். அடுத்த அறுவடைக்குள் இளைக்காவிட்டால் தம் மருந்துப் பெட்டியில் கொடுப்பதற்கு ஏதுமில்லை என்பதே அவர் தீர்ப்பு. நெய்யும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் அறவே கூடா. நண்பகல் உணவில் பாதி, நறுக்கிய பச்சைக் காயும் முளைவிட்ட பயறும் இளங்கீரையுமாக இருக்கவேண்டும்.

வெள்ளரியும் முள்ளங்கியும் வாழைத்தண்டும் இலையில் வந்தன. மன்னர் ஒரு வாய் எடுத்தார், கீழே வைத்தார். நாம் ஆள்வது மனிதர்களையா, ஆடுகளையா என்று பரிமாறியவரை வினவினார். வாயில் வழவழவென்று வழுக்குகிறது, உப்பில்லை, உறைப்பில்லை, இதை உண்டு நெடுநாள் வாழ்வதைவிட வாழாதிருப்பது மேல் என்றும் மொழிந்தார். மறுநாளும் அதே கதைதான். வெறுங்காயை விழுங்கச் செய்யும் ஒரு சாறு வேண்டும். அது நாவுக்கு விருந்தாகவும் உடலுக்கு இலேசாகவும் இருக்கவேண்டும். ஒரு நாட்டின் கதி ஒரு கிண்ணச் சாற்றில் வந்து நின்றது.

பட்டத்துத் தேவியர் எவரும் மடைப்பள்ளி வாசலை மிதித்ததில்லை. கொற்றநங்கையார் மிதித்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் உள்ளே வந்ததைக் கண்ட மடைத்தலைவர் சாத்தன் குறும்பனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெய்யின்றிச் சுவை வருமோ தேவி என்று கேட்டார். வரவழைக்கத்தான் நீர் இருக்கிறீர் என்று விடை கிடைத்தது.

அன்று தொடங்கிய பாடு சொல்லி மாளாது. புளியைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள், பல் கூசிற்று. வெறும் மோரை ஊற்றினார்கள். தண்ணீராக ஓடி இலைக்கு வெளியே போயிற்று. ஒருநாள் திடீரென்று அமுதம்போல் ஒரு சாறு அமைந்தது. தேவியார் மகிழ்ந்து மருத்துவரை அழைத்தால், அவர் விரல்நுனியில் தொட்டு நக்கிவிட்டு, இதில் அரைத்த எள் ஒரு பிடி இருக்கிறதே என்று கேட்டார். ஒரு பிடிதானே என்று குறும்பனார் முணுமுணுத்தார். அந்த எள்ளும் கூடாதென்று ஆயிற்று. அமைச்சர் ஒருவர் வந்து, போர்க்களத்தில் தாம் உண்ட காட்டு நெல்லிச்சாற்றைப் பரிந்துரைத்தார். அதை உண்ட பின்பும் அவர் எப்படிப் போரில் வென்றார் என்பது மடைப்பள்ளியில் இன்றும் வியப்பாகப் பேசப்படுகிறது.

தேவியார் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவையில் அமர்ந்திருக்கையில் மிளகைக் குறித்து எண்ணினார். கோயிலில் கைகூப்புகையில் நாரத்தையைக் குறித்து எண்ணினார். மன்னர் படியேறும் ஓசை கேட்டால் மட்டும் எண்ணம் எல்லாம் அற்றுப்போய், மூச்சு எந்தப் படியில் நிற்கிறது என்று செவிசாய்த்தார்.

இறுதியில் வழி திறந்தது. வெண்ணெய் முழுவதும் கடைந்தெடுத்த புளித்த மோர். அது ஓடாமல் காயைப் பற்றி நிற்க, ஆவியில் வெந்த நீர்ப்பூசணியை மசித்து அதில் கலந்தார் குறும்பனார். எண்ணெயின்றி வெறுஞ்சட்டியில் வறுத்து இடித்த கடுகு, தட்டிய இஞ்சி, நசுக்கிய பச்சை மிளகு, கொத்துமல்லித் தழை, இந்துப்பு. கடைசியாக நாரத்தம்பழத்தைப் பிழிந்து, சாற்றில் புளிப்பு முந்தாதபடி மாதுளை முத்துக்களைத் தூவினார். தேவியார் ஒரு வெள்ளரித் துண்டைத் தோய்த்து வாயிலிட்டார். கண் கலங்கிற்று. கடுகின் காரமென்று சொல்லிக்கொண்டார்.

அன்று நண்பகல் மன்னர் இலையை வழித்து உண்டார். மறுநாள், நேற்று வந்தது இன்றும் உண்டோ என்று தாமே கேட்டனுப்பினார். நகரமெங்கும் பேச்சாயிற்று. வணிகர் வீட்டு மகளிர் அந்தச் சாற்றின் பக்குவம் கேட்டு மடைப்பள்ளிக்குத் தூது அனுப்பினார்கள்.

ஆனால் இடைக்கச்சு பொய் சொல்லாது. பிறை ஒன்று தேய்ந்து வளர்ந்த பின்பு, மன்னருக்குக் கச்சை அணிவிப்பவர் அதை மாட்டும் கொளுவியை உள்ளே தள்ளவில்லை, வெளியே தள்ளினார். தேவியார் அதைக் கண்டார். பச்சைக் காயும் மோரும் உண்டு ஒருவர் பெருப்பது எங்ஙனம்? யாரோ ஏமாற்றுகிறார்கள்.

நேரே மடைப்பள்ளிக்குச் சென்று குறும்பனாரை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் கேட்டார். மறைத்து நெய் வார்க்கிறீர் என்றே சொல்லிவிட்டார். குறும்பனார் மறுத்து வாதாடவில்லை. அகப்பையைத் துடைத்து அடுப்போரம் வைத்தார். இந்த வாசல்வரை வருவதற்கு நான் பொறுப்பு தேவி, வாசலுக்கு அப்பால் நான் ஒருநாளும் போனதில்லை என்று தலைகுனிந்து சொன்னார்.

அச்சொல் தேவியாரைத் தைத்தது. அன்று இலை புறப்பட்டபோது அவரும் உடன் நடந்தார்.

மடைப்பள்ளிக்கும் உண்ணும் கூடத்துக்கும் இடையிலுள்ள வாசல்களை இளவல் அறிவார். முற்றுகைக் காலத்தில் பசித்திருந்த முதல் அரையருக்குக் குடிகள் ஆளுக்கொரு பிடி கொணர்ந்து இட்டதும், உங்கள் கை படாமல் எம் குலத்தார் உண்ணமாட்டோம் என்று அவர் சூளுரைத்ததும், அன்றுமுதல் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குடி நின்று தன் பங்கை இலையில் இடுவதும் அறிவார். கைந்நிறை என்று நாம் அதற்குப் பெயரிட்டிருக்கிறோம். முதல் வாசலில் ஆயர்குடித் தலைவர் பூதனார் உருக்கிய நெய்யை ஒரு கரண்டி வார்த்து வணங்கினார். அடுத்த வாசலில் தேன். அதற்கடுத்துத் தேங்காயின் முதற்பால். அதற்கும் அப்பால் வெல்லப்பொடி. எவரும் ஒளித்துச் செய்யவில்லை. தேவியாரைக் கண்ட மகிழ்ச்சியில் பூதனார் இன்னொரு கரண்டியும் சேர்த்தே வார்த்தார்.

மன்னர் என்ன உண்கிறார் என்று மருத்துவர் கேட்டபோது இதை ஒருவரும் சொல்லவில்லை. இதை உணவென்று எவர் நினைத்தார்? மரியாதை என்றல்லவோ நினைத்தார்கள். வெள்ளரி வழுக்கியதும் அந்த நெய்யினால்தான். குறும்பனாரின் சாறு வந்தபின் அத்தனை நெய்யும் தேனும் அதன் சுவையில் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின.

ஒவ்வொரு வாசலிலும் தேவியாருக்குச் சினம் ஏறிக்கொண்டே வந்தது. இவர்களல்லவோ என் கணவரைக் கொல்கிறார்கள் என்று எண்ணியபடி கூடத்துக்குள் நுழைந்தார். மன்னர் பலகையில் அமர்ந்திருந்தார். இலை அவர்முன் வைக்கப்பட்டது. பணிப்பெண் வழக்கம்போல் வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினாள். தேவியாரும் வழக்கம்போல் வாங்கி, மங்கலத் துளி என்று நாம் சொல்லும் ஒரு கரண்டிக் கைந்நெய்யைச் சாய்க்கப் போனார்.

கிண்ணம் சாய்ந்த நிலையிலேயே கை நின்றுவிட்டது. மணநாள் தொட்டு ஒருநாளும் தவறாமல் கடைசிக் கரண்டி வார்த்தவர் அவரே. நெய் வழிந்து தரையில் சொட்டிற்று. மன்னர் நிமிர்ந்து பார்த்து, ஏன் நின்றுவிட்டாய் நங்கை என்று கேட்டார். தேவியார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளில் முகம் புதைத்து அழுதார். பட்டத்துத் தேவியார் அழுததை ஓலையில் எழுதலாகாது என்று ஓலைநாயகம் தடுத்துப் பார்த்தார். எழுதுக என்றே பணிக்கப்பட்டது.

எல்லாம் கேட்டபின் மன்னர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னதை அவர் சொன்னவாறே எழுதுகிறோம்: “எந்தை சாய்ந்த அன்று என் தாயார் கையில் இந்தக் கிண்ணம்தான் இருந்தது. நெய் வார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். குறைவாக வார்த்தேனோ என்றுதான் அம்மை கடைசிவரை வருந்தினார்.”

கைந்நிறை அன்றோடு நின்றது. நிறுத்துவது எளிதாயில்லை. என் பசுவின் நெய்யில் என்ன குற்றம் என்று பூதனார் முதல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மன்னர் தாமே நடந்து வந்து அவர் பக்கத்தில் அமர்ந்து, குற்றம் நெய்யில் இல்லை, என் நெஞ்சில் என்று விளக்கவேண்டியதாயிற்று. இப்போது எல்லாக் குடிகளும் தம் பங்கை இலைக்குக் காட்டி வணங்கிவிட்டு, பிள்ளைகள் பயிலும் கழகத்துச் சோற்றில் இடுகிறார்கள். குறும்பனாரிடம் தேவியார் மடைப்பள்ளி முழுவதும் கேட்கும்படி பொறுத்தருளக் கோரினார். அவர் அகப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார். ஆயினும் பேச்சு இன்னும் சற்று உப்புக் குறைவாகவே இருக்கிறது.

கொளுவி உள்ளே வரத் தொடங்கியிருக்கிறது. காலம் கடந்துவிட்டதோ இல்லையோ என்று மருத்துவரிடம் தேவியார் தினமும் கேட்கிறார். அவர் தினமும் வணங்கிவிட்டு மன்னரின் நாடியைப் பார்க்கச் செல்கிறார். நண்பகல் வந்தால் தேவியாரின் வலக்கை தானாகவே கிண்ணத்தைத் தேடுகிறது. அதனால்தான் கூடத்தில் இந்த நடை.

இனி ஆணை. மேற்குன்றத்துக் கோட்டையிலும் அதே வாசல்கள் உண்டு, அதே குடிகளின் கிளையினர் நிற்கிறார்கள், இளவலும் அதே தந்தையின் மகன். சென்ற திருவிழாவில் இளவல் புரவியேறியபோது புரவியைப் பிடிக்க இருவர் வேண்டியிருந்ததைத் தேவியார் பார்த்தார், பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்புக்காக இப்போது வருந்துகிறார். ஆகவே இவ்வோலை கண்ட நாள் முதல் கைந்நிறை தங்கள் கோட்டையிலும் நிற்க. சாற்றின் பக்குவம் மேலே எழுதியவாறு கொள்க. நாரத்தை கிடையாத பருவத்தில் எலுமிச்சையும், மாதுளை இல்லாதபோது துருவிய மாங்காயும் ஆகும். எள் ஒரு பிடியும் ஆகாது. நீலநங்கையே, கடைசிக் கரண்டி உன் கையில் இருக்கிறது. அன்பினால்தான் வார்க்கிறாய் என்பதை என்னைவிட அறிந்தவர் யார்? வார்க்காதே.

இது மன்னர்பிரான் இசைவுடன், கழுநீர்ப்பூப் பொறித்த அரச முத்திரை அரக்கின்மேல் இடப்பட்டு, விரைவுக் குதிரையில் விடுக்கப்பட்ட கட்டளை. ஓலை வந்து சேரும் வேளை நண்பகலாயின், முத்திரை மெய்யா பொய்யா என்பதைப் பிறகு சோதித்துக்கொள்க. முதலில் எழுந்து, இளவல் முன்னுள்ள இலையைத் தள்ளி வைக்க.