பைக்குள் மடித்து வைத்த டியூப்

மாப்ள,

இன்று காலையும் கப்பலூரில் ஆலைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ரப்பர் பால் டிரம்மின் மூடியைத் திறந்தேன். அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. பதினெட்டு வருடமாக இந்த நெடியில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. கையுறை செய்கிற ஆலையில் மல்லிகையா மணக்கும்? முன்பெல்லாம் இரண்டு தும்மல் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுகிறேன். உன் சைக்கிள் டயருக்கு நான் தேர்ந்தெடுத்த பாலுக்கும் இதே நெடிதான். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நெடி மட்டும் தவறாமல் வேலைக்கு வந்துவிடுகிறது.

என் தங்கச்சியைக் கட்டியவன் நீ. நாலு பேர் முன்னால் "வாங்க மாப்ள" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளில் ஏறியதும் அது "வாடா" ஆகிவிடும். நீ எந்த இடத்திலும் "மச்சான்" என்பதை மாற்றியதில்லை. வண்டியூரில் உன் வீட்டு வாசலில் புறப்பட்டு அழகர்கோவில் வரை போவோம். மலையடியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம். வரும் வழியில் ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால். கடைக்காரர் கருப்பட்டி கம்மியாகப் போட்டுவிட்டார் என்று நான் வாரா வாரம் சண்டை போடுவேன், நீ வாரா வாரம் எனக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்பாய்.

கருவேல முள்தான் நம்மை விடவில்லை. விறகு ஏற்றிப் போகிற டிராக்டர்கள் ரோடு பூராவும் உதிர்த்துவிட்டுப் போகும். ஒரே காலையில் மூன்று பஞ்சர் பார்த்து, உச்சி வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அன்றுதான் நீ சொன்னாய், "மச்சான், டியூபே இல்லாத டயருக்கு மாறிருவோம்" என்று. உள்ளே டியூபுக்குப் பதில் ஒரு பாலை ஊற்றிவிட்டால் போதும், முள் குத்திய ஓட்டையில் அதுவே போய் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்றாய். சீலன்ட் என்று கடையில் சொன்னார்கள். நாம் கடைசி வரை பால் என்றேதான் சொன்னோம்.

எந்தப் பால் என்பதில்தான் நமக்குள் முட்டிக்கொண்டது. நீ வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படிக்கிறவன். பொடி எழுத்தைக் கண்டால் விடமாட்டாய். தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து இரண்டு பாட்டில்களையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தாய். ஒன்று ரப்பர் பால். சட்டென்று அடைக்கும், ஆனால் சூட்டில் சீக்கிரம் காயும். இன்னொன்று நார் கலந்த கூழ். மெதுவாக அடைக்கும், வெயில் தாங்கும்.

"நம்ம ஊரு வெயிலுக்குக் கூழுதான் மச்சான் சரி."

"ரப்பரப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

நீ பாட்டிலை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்து, "இதுக்குப் பருத்திப்பால ஊத்தலாம். அடைக்காட்டியும் குடிச்சுக்கலாம்" என்றாய். ரப்பர் பாலே வாங்கினோம். நான் சொன்னதால் வாங்கினோம்.

தை மாதம் முழுக்க அது வேலை செய்தது என்பதுதான் என் கேடுகாலம். ஒரு முள்ளைப் பிடுங்கினோம், பால் பீச்சியது, சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் அடைத்துக்கொண்டது. நீ நடுரோட்டில் என் முதுகில் தட்டி "ரப்பர் டாக்டரு!" என்றாய். அந்தத் தட்டில் எனக்குத் தலை கனத்துப்போனது.

சித்திரை பிறந்ததும் நீ சொன்னபடியே ஆயிற்று. டயரைக் குலுக்கினால் சத்தமே இல்லை. விளிம்பை நெம்பிப் பார்த்தோம். பாதி காய்ந்து, மீதி ஆடை படிந்த மோர் மாதிரிக் கிடந்தது. நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் என்னை உன் வீட்டுக்கு வரச்சொல்லி, அந்தக் கூழ் பாட்டிலோடு நின்றாய். பழையதைச் சுரண்டிக் கழுவிவிட்டு இதை ஊற்றலாம் என்றாய். கழுவினால் என் பால் தோற்றது என்று ஆகிவிடும். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அடுக்களையில் என் தங்கச்சி புதிதாக அரைத்த மாவில் பழைய மாவு ஒரு கை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். அதைக் காட்டி, "அங்க பாரு, பழசும் புதுசும் சேந்தாத்தான் பக்குவம். அது மேலயே ஊத்து" என்றேன்.

"வேற எதோடயும் கலக்காதேன்னு போட்டிருக்கே மச்சான்."

"அதெல்லாம் இன்னொரு பாட்டில் விக்கிறதுக்காக எழுதுறது."

ஆலையில் ஒரு டிரம்மில் மீந்த பாலை இன்னொன்றில் ஊற்ற யாரையும் நான் விட்டதில்லை. புதிதாக வந்தவன் ஊற்றப் போனால் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். பால் திரிந்து கட்டியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். உன் டயரில் என் கையாலேயே ஊற்றினேன்.

மறுநாள் ஆலையில் அவசர வேலை, என்னால் வரமுடியவில்லை. நீ தனியாகப் போனாய். ஏழரை மணி இருக்கும், போன் வந்தது. மெஷின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"மச்சான், முன் டயர்ல முள்ளு. பிடுங்குனா வெறும் தண்ணியா வருது. பாலக் காணோம்."

"சக்கரத்தச் சுத்தி விடு, அடச்சிரும்."

"ரெண்டு தடவ சுத்திட்டேன். பையில டியூப் வச்சிருக்கேன். டியூப் போட்டுறவா மச்சான்?"

"எதுக்கு? கையெல்லாம் பிசுபிசுன்னு ஆகும். காத்தடிச்சுட்டு வா, ஓட ஓட அடச்சுக்கிரும்."

"சரி மச்சான். வாரேன்."

இம்புட்டுதான் பேசினோம். நீ என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம். உனக்குக் கை இருந்தது, டியூப் இருந்தது, என்னைவிடப் புத்தியும் இருந்தது. ஆனாலும் ரப்பர் விஷயத்தில் மச்சானை ஒரு வார்த்தை கேட்பது என்று வைத்திருந்தாய். நான் சொன்னபடி காற்றடித்துக்கொண்டு வரும் வழியில், ஒரு பாலத்து இறக்கத்தில் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. நீ வலது பக்கம் விழுந்தாய். பின்னால் வந்த வேன்காரர் பிரேக் போட்டாராம், வண்டி நிற்கவில்லையாம். அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

சைக்கிளுக்கு ஒரு கீறல்தான். சீட்டுக்கு அடியில் தொங்கிய சின்னப் பையில் டியூப் ரப்பர் பேண்ட் பிரிக்காமல் இருந்தது. உன் போனில் கடைசியாகப் பேசிய எண் என்னுடையது என்பதைப் பார்த்து என் தங்கச்சி கேட்டாள்.

"கடைசியா என்னண்ணே பேசுனாரு?"

"சும்மாதான். வெயிலப் பத்தி."

காரியத்தன்று கேட்டாள், தீபாவளிக்குக் கேட்டாள், பொங்கலுக்கும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் வெயில் என்றேன். "வெயிலுன்னா என்ன சொன்னாரு?" என்று வேறு கேட்பாள். நான் உன் குரலில் ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டுவேன். அவள் அதை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்வாள். நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால், பாலைக் கலந்ததைவிட இதைத்தான் சொல்வேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் கூப்பிட்டு அனுப்பினாள். போனால், உன் சைக்கிளை மூடியிருந்த பழைய வேட்டியை எடுத்துவிட்டுத் துடைத்து நிறுத்தியிருந்தாள். சாயங்காலங்களில் தெப்பக்குளத்தைச் சுற்றி நீ சீட்டைப் பிடித்தபடி ஓடி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அது மறந்து போய்விடும்போல் இருக்கிறதாம்.

"நான் ஓட்டப் போறேண்ணே. இந்த டயருக்கு எந்தப் பால் நல்லதோ நீயே பாத்து ஊத்திக் குடு. அவரும் ஒன்னயத்தான கேப்பாரு."

இப்படி ஒரு வார்த்தையை அவள் யோசித்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நான் உட்கார்ந்து முன் டயரைக் கழற்றினேன். உள்ளே இருந்து கட்டி ஒன்று விழுந்தது. மஞ்சளாக, நார் நாராக, திரிந்த பாலை வடிகட்டி உலர்த்தினது மாதிரி. அவள் குனிந்து கையில் எடுத்துப் பார்த்தாள்.

"என்னண்ணே இது?"

வெயில் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நீ கூழ் கேட்டது, நான் மறுத்தது, அவளுடைய மாவுச் சட்டியைக் காட்டிப் பேசியது, போனில் நீ கேட்டது, நான் சொன்னது. அழுதுகொண்டே சொன்னேன், அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"அந்த டியூப்பு நல்லாத்தான் இருந்துச்சா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இருந்துச்சு."

உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "இதப் போட்டுக் குடுங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசியவள் மாப்ள. அந்த "குடுங்க"வில் அண்ணே இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

டயரைக் கழுவித் துடைத்து உன் டியூபைப் போட்டேன். காற்றடித்தேன். ஐந்தே நிமிட வேலை. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். இப்போது தினமும் சாயங்காலம் ஓட்டுகிறாளாம், நன்றாக ஓட்டுகிறாள் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. என் சைக்கிள் அதே பாலோடு மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. அந்தக் கட்டியை மட்டும் காகிதத்தில் மடித்து ஆலை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிப் போட்டால் நானும் மறந்துபோய் வெயில் என்றே நம்பிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

பெரிய ரப்பர் டாக்டரிடம் நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. தினமும் டிரம் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மெஷின் சத்தத்துக்கு நடுவே அது கேட்கிறது. டியூப் போட்டுறவா மச்சான்?

போட்டுரு மாப்ள. கை பிசுபிசுத்தாப் பிசுபிசுக்கட்டும். ஓரமா நிழல்ல நின்னு, மெதுவாப் போட்டுட்டு வா.