அம்மாவின் சீட்டில் தேவி

என் சரசு அம்மிணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என் கையாலேயே உனக்கு எழுதுகிறேன், பார்த்தாயா!

நம் ஊர் மண்ணரையிலிருந்து நான் துணி வேன் ஓட்டிய காலத்தில் போர்டு படித்து வழி சொன்னவள் நீ. "மாமா, அடுத்த வலதுங்க" என்பாய். கேள்வி கேட்காமல் திருப்புவேன். நடுவில் உட்கார்ந்திருந்த நம் மகள் தேவிக்கு அதுவே தொழிலாகும் என்று நினைத்தோமா? கார்ப் பந்தயத்தில் வளைவுகளையெல்லாம் நோட்டில் எழுதிவைத்து, ஓட்டுகிற சிநேகிதிக்கு வாசித்துச் சொல்கிறாள். நீ கண்மூடிய பிறகு டி.வி.யிலும் பந்தய நிகழ்ச்சி நடத்துகிறாள்.

ஒரு சேதியை உன்னிடம் மறைத்திருந்தேன். போன வருடம் தாராபுரம் பக்கம் நடந்த பந்தயத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். ஒரு வளைவு விட்டுப்போய், கார் சோளக்காட்டில் இறங்கிவிட்டது. சிநேகிதிக்குக் கை முறிந்தது. கை கூடியதும் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். இவள்தான் நோட்டைத் தொடவே மாட்டேன் என்றாள். டி.வி.யில் மட்டும் சிரித்தாள். அது நம் வீட்டுச் சிரிப்பு இல்லை.

போன ஞாயிறு நம் பழைய வேனில் அதே பாதைக்குப் போனோம். அவள் ஓட்டினாள். எனக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே! அவளுடைய நோட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன்.

"வ... ல... து..."

"அந்த வலது அப்பவே போயிருச்சுங்கப்பா!"

"இரு சாமி. இ... ட..."

"நீங்க மாட்டு வண்டிக்குத்தான் வழி சொல்லோணுமுங்க!"

வண்டியை நிறுத்திவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுங்க இங்க. நீங்க ஓட்டுங்க" என்றாள். உன் சீட்டில் உட்கார்ந்து கடைசிவரை வாசித்தாள். அன்றைக்கு விட்டுப்போன வளைவில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. கேள்வி கேட்காமல் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் சிநேகிதிக்குப் போன் போட்டாள். பனியன் கம்பெனி செக்கிங்கில் டேமேஜ் துணிக்கு நீ ஒட்டுவாயே சிவப்பு அம்பு ஸ்டிக்கர், உன் பெட்டியில் ஒரு சுருள் கிடந்தது. புது நோட்டில் தாளுக்கு ஒன்றாக ஓரத்தில் நீட்டி ஒட்டியிருக்கிறாள். அதைப் பிடித்துப் புரட்டினால் இனி இரண்டு தாள் சேர்ந்து வராதாம். உனக்குச் சந்தோஷம்தானே?

வருகிற ஞாயிறு அதே பாதையில் பந்தயம். அந்த வளைவில், பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நான் நிற்பேன். ஜெயித்தாலும் தோற்றாலும், காரை விட்டு இறங்கியதும் அவள் சொல்கிற முதல் வார்த்தையை எழுத்துக்கூட்டி உனக்கு எழுதிவிடுகிறேன்.

உன் மாமன்,
பழனிச்சாமி