பதினேழாம் எண்ணின் சுவரொட்டி

மதிப்பீட்டாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். பதினோரு வருடம் விசாரிக்காதவள் இன்று விசாரித்தால் அது பொய்யாகிவிடும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

திரைப்படக் கல்லூரியின் இறுதியாண்டுக் குறும்படங்களில் பதினேழாம் எண்ணுக்கு நீங்கள் மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். படத்துக்கு எண்பதில் முப்பத்து நான்கு. சுவரொட்டிக்கு இருபதில் பூஜ்யம். மாணவர் பெயர் உங்களுக்குத் தெரியாது, உங்கள் பெயர் மாணவருக்குத் தெரியாது. அதுதான் அங்கே விதி. தாளில் உங்கள் பெயர் இருந்த இடத்தை வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். குறிப்புகளை மறைக்கவில்லை. போகப்போக மேலே ஏறிக்கொண்டே போகும் அந்தக் கையெழுத்தில் எனக்கு ஒரு காலத்தில் வாரம் இரண்டு கடிதம் வந்திருக்கிறது.

இருந்தாலும் ஒரே ஆதாரத்தை வைத்துச் செய்தி எழுதி எனக்குப் பழக்கமில்லை. கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர், "பேரெல்லாம் சொல்லக் கூடாது மேடம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, "வெளியூர்லேர்ந்து பாக்கறவர் ஒருத்தர்தான். விளம்பரப் படம் எடுக்கறவர். ரொம்பக் கறார்" என்றார். போதும்.

பதினேழாம் எண் உங்கள் மகள்.

இதைப் படித்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போவீர்கள். உட்காருங்கள். இன்னும் முடியவில்லை.

உங்கள் குறிப்புகளை வரி விடாமல் படித்தேன். நடுவில் மூன்று நிமிடம் இழுக்கிறது என்கிறீர்கள். உண்மை. அம்மாவாக நடித்தவரின் குரல் பல இடங்களில் தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தில் மூழ்கிவிடுகிறது என்கிறீர்கள். அதுவும் உண்மை. நானே அவளிடம் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்குச் சலுகை கேட்டு நான் எழுதவில்லை.

ஆனால் "ஒரு பெண் தினமும் மாலையில் ஆண் ஷூவை வாசலில் வைத்துக் காலையில் உள்ளே எடுக்கிறாள். காரணம் வலுவாக இல்லை. வாழ்க்கையில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது தகவல் பிழை.

நீங்கள் போன பிறகு நாங்கள் மூன்று வீடு மாறினோம். முதல் வீட்டில் குடியேறிய மூன்றாம் நாள், எதிர் வீட்டுக்காரர் சுத்தியல் இரவல் கேட்டு வந்தார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார். மறுநாளும் வந்தார், சுத்தியல் இல்லாமல். அவர் போனதும் பெட்டியைத் திறந்து, நீங்கள் மறந்துவிட்டுப் போன பழுப்பு ஷூவை எடுத்து வாசலில் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஷூ எப்போதும் ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வரும் என்று கண்டுபிடித்தது உங்கள் மகள்தான். அப்போது அவளுக்குப் பத்து வயது. காலையில் உள்ளே எடுத்தால் நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள். மாலையில் வெளியே வைத்தால் திரும்பிவிட்டீர்கள். மழை நாளில் கொஞ்சம் சேறு பூசுவாள். உங்களை அவள் வளர்த்த விதம் அது.

இனி சுவரொட்டி. சாத்திய கதவு, அதைப் பார்த்தபடி ஒரு ஜோடி ஷூ, பின்னாலிருந்து எடுத்த படம். உங்கள் குறிப்பு இது: "இடது குதி வெளிப்பக்கம் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது, வலது புதிதுபோல் இருக்கிறது. எந்த மனிதனும் இப்படி நடப்பதில்லை. கணினியில் மாற்றிய படம்." படத்தில் கைவைத்தால் பூஜ்யம் என்பது விதி. ஒரு பகுதியில் பூஜ்யம் வாங்கினால் முழு வருடமும் போய்விடும் என்பதும் விதி.

எந்த மனிதனும் இப்படி நடப்பதில்லையா? கல்யாணமான புதிதில், செருப்புத் தைப்பவர் உங்கள் இடது ஷூவைத் திருப்பிப் பார்த்து, "சார், ஒரு காலாலதான் நடப்பீங்களா?" என்று கேட்டார். நீங்கள் ஒரு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. இப்போது உங்கள் காலில் இருப்பதைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். கால் மாறியிருக்காது.

மதிப்பிட்டது நீங்கள்தான் என்று அவளிடம் சொன்னேன். ஷூவைக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டு என்றேன். "மேசையில வச்சா, இது யாருதுன்னு கேப்பாங்கம்மா. என்ன சொல்லட்டும்? மார்க்குக்காக அப்பா பேரைச் சொன்னேன்னு ஆயிடும். வருஷம் போனாப் போகட்டும்" என்றாள். நானும் எடுத்துப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். உங்களுக்கு எழுத மாட்டேன் என்று சத்தியம் வாங்க அவளுக்குத் தோன்றவில்லை. நான் எழுதுவேன் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

பிறகு ஒன்று கேட்டாள். "அவருக்குத் தெரியலையா, இல்ல தெரிஞ்சுதான் போட்டாரா?" முப்பது வருடமாக அடுத்தவர்களைக் கேள்வி கேட்டுப் பிழைக்கிறேன். இந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன். தெரிந்து போட்டிருந்தால் நீங்கள் கோழை. தெரியாமல் போட்டிருந்தால் அதற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆதாரம் இல்லாததால் இரண்டில் எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. மதிப்பீட்டாளரே கல்லூரிக்கு எழுதினால் மாணவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லவில்லை. படத்துக்கு முப்பத்து நான்குதான் என்றால் அப்படியே இருக்கட்டும். இரண்டு வரி எழுதுங்கள்: இந்த மாணவி என் மகள், இதை நான் மதிப்பிட்டிருக்கக் கூடாது. அந்த ஷூ என்னுடையது, சுவரொட்டிப் படம் உண்மையானது.

மதிப்பெண் தாள் வந்த நாளிலிருந்து அவள் ஷூவைத் தொடவில்லை. நான்கு நாளாக வாசலிலேயே கிடக்கிறது. இன்று காலை மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மாள் என்னை நிறுத்தி, "சாருக்கு உடம்பு சரியில்லையா? நாலு நாளா வெளியிலயே போகலையே" என்று அக்கறையாகக் கேட்டார். பக்கத்தில் உங்கள் மகள் நின்றிருந்தாள். எனக்கு முந்திக்கொண்டு அவளே பதில் சொன்னாள்: "ஆமா ஆன்ட்டி, கண்ணு தெரியலை."

வெள்ளிக்கிழமைக்குள் குணமாகட்டும்.

இப்படிக்கு,
பதினேழாம் எண்ணின் தாய்